பதினேழாம் துளை

பின்னிரவு இரண்டு பத்து.
ஜூரோங் மீன் துறைமுகத்தில்
தராசுகள் பேச்சை நிறுத்திவிட்டன என்று
தொலைபேசியில் கத்தினார் குவெக்.
மீன் காத்திருக்காது மிஸ்,
ஐஸ் காத்திருக்கும், அதுவும் கொஞ்ச நேரம்.

டாக்சியில் போய் இறங்கினேன். ஈரத் தரை.
இரண்டு அளவு பெரிய ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள்.
வலையில் கோளாறு என்றேன் வாசலில்.
எந்த வலை என்று சிரித்தார் காவலர்.

படிக்கட்டுக்குக் கீழே ஓர் அலமாரி,
அதற்குள் இருபத்து நான்கு துளைகளோடு ஒரு சுவிட்ச்.
நல்ல நாளில் அதன் பச்சை விளக்குகள்
அவரவர் வேகத்தில் சிமிட்டும்.
இன்றைக்கு எல்லாம் ஒன்றாக, மூச்சு விடாமல்.
பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.
அடிவயிற்றில் ஒரு சின்ன மகிழ்ச்சி, மறைக்க மாட்டேன்.

ஏழாம் கடைத் தராசு
பில் அடிக்கும் பொட்டியைத் தேடுகிறது என்று வையுங்கள்.
கையில் இருப்பது ஓர் எண் மட்டும்.
ஆகவே எல்லோரையும் பார்த்துக் கூவும்:
இந்த எண் யாருடையது? எனக்குச் சொல்.
குளிரறைக் கேமராவுக்குக் கேட்கும்,
குவெக்கின் கணினிக்குக் கேட்கும்,
ஊருக்கும் கடலுக்கும் வழிவிடும் ரௌட்டருக்குக் கேட்கும்.
என்னுடையதில்லை என்று சும்மா இருந்துவிடும்.
ஒன்று மட்டும் சொல்லும்: நான்தான்.
இன்ன பெயர் இன்ன துளையில் என்று
சுவிட்ச் குறித்துக்கொள்ளும்.
அப்புறம் கூச்சல் இல்லை,
காதோடு காதாகத்தான் பேச்சு.

ஆனால் இங்கே ஒரு நீலக் கேபிள்.
ஒரு முனை மூன்றாம் துளையில்.
விரலால் பிடித்தபடி பின்னாலேயே போனேன்,
தூசிக்குள், கரப்பான் செத்த மூலைக்குள்,
அது வளைந்து திரும்பி
அதே சுவிட்சில்,
பதினேழில்.

மூன்றில் வெளியேறிய கூவல் பதினேழில் நுழைகிறது.
யாரோ புதிதாகக் கேட்கிறார்கள் என்று
சுவிட்ச் மறுபடி எல்லோருக்கும் கூவுகிறது.
அதுவும் சுற்றி வருகிறது.
யாருடையது யாருடையது யாருடையது
வினாடிக்கு லட்சம் தரம்.
பதில் நுழைய இடமில்லை.

இணையத்துக்குப் போகும் பொட்டலத்துக்கு
நெற்றியிலேயே ஆயுள் எழுதியிருக்கும்,
பெரும்பாலும் அறுபத்து நான்கு.
வழியில் ஒவ்வொரு ரௌட்டரும் ஒன்றைக் கழிக்கும்.
துவாஸில் கடலுக்குள் இறங்கி
மார்சேய்க்குப் போகிற பாதையில் திசை தப்பினால்
பூஜ்யத்தில் செத்துப்போகும்,
யாருக்கும் தொந்தரவில்லாமல்.
வீட்டுக்குள் சுற்றும் கேள்விக்கு அப்படி ஓர் எண் கிடையாது.
இவ்வளவு சின்ன இடத்தில்
யார் தொலைந்துபோகப் போகிறார்கள் என்று
நினைத்திருப்பார்கள்.

யார் சொருகியது என்று குவெக் இரைந்தார்.
துடைப்பத்தோடு நின்ற காக் நோரிஸா
என் காதில் விழும்படி மட்டும் சொன்னார்:
கெசியான், ஒரு முனை அநாதையாகத் தொங்கிற்று.
தண்ணீரில் விழுமே என்று
காலியாயிருந்த ஓட்டையில் வைத்தேன்.

கேபிள் பழசு என்றேன் குவெக்கிடம்.

பொய்க்குப் பாதிக் காரணம் அவர்.
மீதி, போன மார்ச்சில் இந்தச் சுவிட்சை மாட்டியது நான்.
வளையம் எங்கே என்று மோப்பம் பிடித்து
ஒரு வாசலைத் தானே அடைக்கும் வித்தை
அதற்குத் தெரியும்.
விளக்கு பச்சையாக முப்பது வினாடியா என்று
அன்றைக்குக் குவெக் முணுமுணுத்தார்.
நானும் சாப்பிடாமல் வந்திருந்தேன்.
அணைத்து வைத்தேன்.

பதினேழைப் பிடுங்கினேன். க்ளிக்.
ஒரு விளக்கு தயங்கியது, இன்னொன்று,
பிறகு அவரவர் வேகம்.
கூடத்தில் பில் பொட்டிகள் எல்லாம் சேர்ந்து
அடைத்த தொண்டையைத் திறந்தன:
வஞ்சிரம் பதினொன்று நானூறு,
ஊழி ஆறு இருநூறு,
கணவாய், கணவாய், கணவாய்.

அந்த வித்தையை எழுப்பிவிட்டு,
யாரிடமும் சொல்லாமல்,
எல்லாத் துளைகளையும் ஒரு தரம் அணைத்து ஏற்றினேன்.
கூடம் மறுபடி ஊமையானது.
குவெக் மணிக்கட்டைப் பார்த்தார்.
முப்பது வினாடி
பெரிய பூட்ஸுக்குள் நின்று எண்ணினேன்.
நீளம்தான்.