சராசரி

ஏழு பத்துக்குச் சாவி செருப்பு அலமாரிமேல் இருக்கும்.
குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். நீ வந்துவிட்டாய்.
‘போய்ட்டு வரேன்.’
‘ம்’ என்கிறாய், வாய் நிறையப் பற்பசையோடு.

மீதியைக் கார்தான் சொல்ல வேண்டும்.
ஆறாம் தளம், மூலைத் தூண், பானெட் இன்னும் சூடு.
பொத்தானை அழுத்தியதும் திரையில் உன் இரவு:
லிட்டருக்குப் பதினெட்டு புள்ளி மூன்று.

துவாஸ் போய் வருகிறவனுக்கு என்ன,
பாதி ராத்திரியில் சாலை முழுக்க உனக்கு.
எண்பதைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவாய்,
வண்டி தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும்.
எனக்கு மத்திய விரைவுச்சாலை.
இயோ சூ காங் தாண்டினால்
கண்ணுக்கெட்டிய தூரம் பிரேக் விளக்கு.
நின்று, நகர்ந்து, நின்று,
கட்டண வளைவுக்குக் காசும் அழுது,
பன்னிரண்டு. நல்ல நாளில் பதின்மூன்று.

இது முழு ஹைபிரிட் இல்லை.
அதற்கு மேல் காசில்லை, பாதியை சிஓஇ விழுங்கிவிட்டது.
‘பேட்டரி தானாக இழுக்காதுங்க, பின்னாலிருந்து தள்ளிவிடும்’
என்றார் விற்றவர்.
அந்தத் தள்ளலுக்காகத்தான் நான் இத்தனையும் கற்றேன்.

பிரேக்கை முட்டையை மிதிப்பதுபோல் மிதிக்க.
முன்வண்டிக்கு இடைவெளி விட,
அதில் டாக்சி நுழைந்தால் நுழையட்டும் என்றிருக்க.
குளிரூட்டியை இருபத்தைந்தில் வைத்து வியர்க்க.
பூட்டில் கிடந்த உன் பூப்பந்துப் பையையும்
பத்து கிலோ அரிசியையும் வீட்டுக்குச் சுமக்க.
ஆறாம் தளத்திலிருந்து கீழே வரை
ஆக்சிலேட்டரைத் தொடாமல் சுற்றிச் சுற்றி இறங்க.
தரைக்கு வரும்போது பேட்டரியில் ஒரு கோடு கூடியிருக்கும்.
ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க
அடுத்தவர் ரத்தத்தில் எண் பார்க்கும் எனக்கு
அந்தக் கோடு சொந்தம்.

பதினான்கு புள்ளி இரண்டு எடுத்த சாயங்காலம்
அழிக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.
மறுநாள் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில்
உன் கோணல் எழுத்து: ‘அடேங்கப்பா.’

பிறகு ஒரு புதன்கிழமை, உன் எண் பதினைந்து.
அதே அறுபத்தாறு கிலோமீட்டர்தான்.
மழையில்லை. டயரில் காற்று சரி.
வியாழனும் பதினைந்து.
கணக்குப் போட்டேன், அது என் தொழில்:
முக்கால் லிட்டர் எங்கோ நின்றபடி எரிந்திருக்கிறது.
எஞ்சின் ஓட, குளிர்காற்று வீச, ஐம்பது நிமிடம்.
இருக்கையும் பின்னால் சாய்ந்து கிடந்தது.

தவசீலன், நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கே எழுந்து
கோப்பி-ஓ இரண்டு பை வாங்கி
லிஃப்டில் ஆறாம் தளத்துக்குப் போனேன்.
நீ இருந்தாய். நம் காரில், நம் தூணருகே,
வீட்டிலிருந்து நூறு அடியில்.
பக்கத்துக் கதவைத் திறந்ததும் திடுக்கிட்டு
முதலில் நீ செய்தது எஞ்சினை அணைத்ததுதான்.
‘அபராதம் போடுவாங்க’ என்றேன்.
‘தெரியும்’ என்றாய்.

கண்ணாடியை இறக்கினோம். மைனாக்கள் கத்தின.
பையில் ஸ்ட்ராவைக் குத்திவிட்டு,
அடுத்த மாதத்திலிருந்து பகல் ஷிஃப்ட் என்றாய்.
நல்லதுதானே என்றேன்.
‘அப்ப கார்?’

அதற்கா ஐம்பது நிமிடம்!
மூன்று நாளாக, எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு பேருக்கு
ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய்.

நான் சொல்லாத ஒன்று உண்டு.
ஈசூனில் ஏறினால் நொவீனாவில் இறங்கலாம்.
ஒரே ரயில், மாறவே வேண்டாம்.
வரைபடத்தில் அது எப்போதும் இருந்தது,
நீயும் ஒருநாளும் கேட்கவில்லை.
காலையில் உன் சூடு ஆறாத இருக்கையில் உட்கார்ந்து
கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்புவதற்காக
எவ்வளவு பெட்ரோல்.

‘நீ எடுத்துக்கோ’ என்றேன்.
‘பதினெட்டுக்குக் கீழ போனா பாரு.’
‘பகல்ல எப்படிப் போகாம இருக்கும்?’ என்று நீ
நிஜமாகவே கவலைப்பட்டாய்.