காதுக்குறி

ஓலுவாவின் ஆடுகளுக்கு
இடது காதின் பின்புறம் ஒரு கொத்து.
எங்கள் ஆடுகளுக்கும் அதே கொத்து,
கூடவே வலது காதின் நுனியில் ஒரு பிளவு.
அவளுடையதை என்னுடையதாக்க
ஒரே ஒரு வெட்டுப் போதும்.
சாண்டோய்த் தீவில் இது எங்கள் இரு வீட்டுக்கும் தெரியும்.
தெரிந்தும் தாத்தன் காலத்திலிருந்து
ஒருவரும் வெட்டியதில்லை.
நான் வெட்டினேன்.

மூடுபனி இறங்கிய ஜூன் மாதம்.
படகுக் கடனில் மூன்று தவணை பாக்கி;
மனைவியிடம் ஒன்று என்று சொல்லியிருந்தேன்.
கத்தியைத் தொடையில் துடைத்தேன்.
குட்டி ஒருமுறை தலையை உதறியது.
பெரிதாகக் கத்தக்கூட இல்லை.

அக்டோபரில் மலையிலிருந்து மந்தையை இறக்கினோம்.
கல் பட்டிக்குள் முந்நூறு ஆடுகள்,
நனைந்த கம்பளியின் வாடை, பிள்ளைகளின் கூச்சல்.
என்னுடையது என்று நான் இழுத்து வந்த குட்டி
கையைத் திமிறிக்கொண்டு
நேரே ஓடியது
ஓலுவாவின் சாம்பல் நிறக் கிழட்டு ஆட்டிடம்.
மடியை அது முட்டிய முட்டில்
தாயின் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின.

பேச்சு நின்றது.
ஓலுவா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
யார் பிள்ளை எந்த நிறுத்தம் என்று
கண்ணாடியிலேயே கணக்கு வைத்திருப்பவள்.
குட்டியின் வலது காதைத் தடவினாள்.
தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது.
"பனியில் கை தவறியிருக்கும், ஹெய்னி" என்றாள்
எல்லோருக்கும் கேட்கும்படி.
தவறவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.
வாயை மூடிக்கொண்டேன்.
அது இரண்டாம் திருட்டு.

ஞாயிற்றுக்கிழமை,
கூரையில் புல் முளைத்த எங்கள் தேவாலயத்தில்
கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
முன்னால் தெரிந்தது ஞானஸ்நானத் தொட்டி.
நாற்பத்தாறு வருடத்துக்கு முன்
அதில் அள்ளி என் நெற்றியில் விட்ட தண்ணீர்
வீடு போய்ச் சேருமுன் உலர்ந்திருக்கும்.
அதற்குப் பிறகு அந்த இடத்தில்
நானாகப் போட்டுக்கொண்ட வெட்டுகள் எத்தனை.
இனி யார் பார்த்து
இவன் இன்னாருடையவன் என்பார்கள்?

திருவிருந்துக்கு அழைத்தார்கள்.
இந்தமுறை வேண்டாம் என்றிருந்தேன்.
பெஞ்சின் உள்ளிருந்து வந்த ஓலுவா
என் முழங்காலருகே நின்றாள்.
"வழி விடேன்" என்றாள்.
வழி விட எழுந்தேன்.
எழுந்தவனால் மறுபடி உட்கார முடியவில்லை.

அப்பம் நாக்கில் ஒட்டிக்கொண்டபோதுதான்
அது ஞாபகம் வந்தது:
அன்று பட்டியில் குட்டி ஓடுமுன்
ஒரு குரல் கேட்டதே.
முந்நூறு குரலுக்கு நடுவே கரகரத்த ஒரு குரல்.
குட்டிக்குத் தன் காது தெரியாது.
எந்தப் பிளவு யாருடையது என்று
அது கற்றதில்லை.
தாய்தான் முதலில் கூப்பிட்டது.

செவ்வாய்க்கிழமை ஓலுவாவிடம் போய்ச் சொன்னேன்.
"தெரியும்" என்று சொல்லிவிட்டு
பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
மனைவியிடமும் சொன்னேன், மூன்று தவணை என்று.
அதற்குள் நான்காகியிருந்தது.
அதைச் சொல்ல இன்னொரு வாரம் பிடித்தது.

ஆண்டவரே, நான் நல்லவனாகிவிடவில்லை.
போன மாதம்கூட மீன் எடையில்
விரலை வைத்து அழுத்தப் பார்த்தேன்.
எடுத்துவிட்டேன், ஆனால் வைத்தேன்.
உமது குறி இன்னும் என்மேல் இருக்கிறதா என்று
சவரக் கண்ணாடியில் தேடுவதை மட்டும்
விட்டுவிட்டேன்.
வெட்டுப்பட்டது உமது கை.
தேட வேண்டுமானால் அங்கே தேடுகிறேன்.

கத்தி கொட்டகையில் தொங்குகிறது.
ஜூனில் எடுக்க வேண்டும், எங்கள் குட்டிகளுக்கு.
ஓலுவாவும் பட்டியில் இருப்பாள்.
என் கை நடுங்கும்.
நடுங்கட்டும்.
என்னைப் பிடித்திருக்கும் கை வேறு.