இரண்டாம் கோலி

நாகர்கோவிலில் கோலி என்றால் குண்டு.
சின்னத்துறையில் கோலி என்றால் எஸ்தாக்கி.
எஸ்தாக்கி கடலுக்குப் போயிருந்தால், நான்.

தேங்காப்பட்டணம் ஐஸ் பிளாண்டில் ராத்திரி வேலை எனக்கு.
அமோனியா நாற்றம், உப்புத் தண்ணீரில் தகர அச்சுகள்,
விடியுமுன் இருநூறு பார் உடைத்துப்
படகின் வயிற்றுக்குள் தள்ள வேண்டும்.
இரண்டு மணிக்கு ஒரு வீடியோ வந்தது.
ஸ்வீடனின் வடக்கே ஏதோ ஒரு மைதானத்தில்
தட்டு கழுவும் மச்சினன் பிரடி அனுப்பியது:
"எடே, இவனும் உன்னப் போலத்தான். பாரு."

பார்த்தேன்.
கொட்டாப்புளியால் நாங்கள் உடைக்கும் அதே ஐஸ்.
அதன் மேல் ஆள்கள் வழுக்கி ஓடுகிறார்கள்.
கருப்பட்டிச் சில்லு அளவில் ஒரு கறுப்பு ரப்பரைத்
தடிகளால் விரட்டுகிறார்கள்.
பிரடி சொன்னவன் அந்த ஓட்டத்தில் இல்லை.
கதவோரப் பெஞ்சில், தொப்பி போட்டு,
முகமூடியை மடியில் பிள்ளை போல் வைத்துக்கொண்டு
ஓடி வருகிறவர்களுக்குத் தண்ணீர்க் குப்பி நீட்டுகிறான்.

பெயர் ஸ்டூரே லின்ட்வால். வயது முப்பத்தாறு.
பதினாறு வருஷம், ஒன்பது கிளப்,
முழுசாக ஆடிய மேட்ச் நாற்பத்தொன்று.
பிரடிக்கு இதெல்லாம் எப்படித் தெரியுமென்றால்,
தின்ற தட்டைத் தானே கொண்டுவந்து தருகிறவன்
அந்த டீமில் இவன் ஒருத்தன்தான்.

நாற்பத்தொன்று.
பார் எண்ணுவது போல நானும் என்னுடையதை எண்ணினேன்.
எஸ்தாக்கி ஓமான் பக்கம் சுறாவுக்குப் போனால் நாற்பது நாள்.
அதற்குள் வள்ளவிளையோடு ஒன்று, பூத்துறையோடு ஒன்று,
ஒரு தடவை செவன்ஸ் அரையிறுதி கூட.
கிளப்பில் கிளவுஸ் ஒரே ஜோடி.
அவன் கரையேறும் நாளில்
கழுவி அவன் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு வருவேன்.
ஈரமாகக் கையில் கொடுத்தால் ஏசுவான்.

நல்ல கோலி. அதைச் சொல்லிவிட வேண்டும்.
பந்து வருமுன் பந்து வருமிடத்தில் நிற்பான்.
நான் பந்து போன பின்பும்
கொஞ்ச நேரம் அங்கேயே விழுந்து கிடப்பேன்.

அந்தக் கார்த்திகையில் காற்று வந்தது.
நாற்பதாம் நாள் வழக்கம்போல
கழுவிக் கொடியில் போட்டேன்.

கிடந்தது.

நோன்பு தொடங்கும்போது ரெஜினா கொண்டுவந்து தந்தாள்,
காய்ந்து விறைத்து, விரல்கள் பாதி மடங்கி.
ஈஸ்டர் கழிந்து மேட்ச் வைத்தார்கள்.
"இனி நீதாண்டே ஃபர்ஸ்ட்" என்றார் செக்ரட்டரி,
சொல்லிவிட்டுக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.
எனக்குக் கிடைத்த ஒரே பிரமோஷன்.
முதுகில் இன்றும் இருபத்திரண்டுதான். ஒன்றை யாரும் போடுவதில்லை.

வீடியோவில்
முதல் கோலி தொடையைப் பிடித்துக்கொண்டு விழுகிறான்.
கோச் லின்ட்வாலின் தோளில் தட்டுகிறார்.
லின்ட்வால் உடனே எழும்பவில்லை.
விழுந்தவனைத் தாங்கிக் கொண்டுபோய்
கதவு சாத்தும்வரை இருக்கிறான்.
பிறகு முகமூடியை இறக்குகிறான், போகிறான்,
கம்பங்களுக்கு நடுவே காலின் கத்தியால்
ஐஸை இடமும் வலமுமாகச் சுரண்டுகிறான்,
அவசரமே இல்லாமல்.
இடது கம்பத்தில் ஒரு தட்டு. வலதில் ஒரு தட்டு.

எனக்கு உள்ளங்கால் கூசியது.
மணலில் குதிகாலால் நான் இழுக்கும் கோடு அது.
மூங்கிலில் நான் தட்டும் தட்டு.
யாரும் சொல்லித் தந்ததில்லை எனக்கு.
அவனுக்கும் இருக்காது.

அங்கே வீடியோ முடிந்துவிட்டது.
"பிடிச்சானா?" என்று கேட்டேன்.
"அஞ்சு வாங்கினான். ஆனா கொள்ளாம்."

வெளியே சிராங்கு கத்துகிறார்.
போனைப் பையில் போட்டேன்.
பார் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்குகிறது,
உடைகிறது, பெட்டி நிறைகிறது.
மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்:
"நாப்பது நாளுக்குக் காணுமாடே?"

இன்னும் இரண்டு பார் தள்ளினேன்.
"காணும்."