எலுமிச்சைக்குக் கணக்கில்லை

ஃப்ரேசர்பரோவில் டிசம்பர் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
டௌகல் நோபிள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான்,
ஒரு கை விலாவில்.
வலையிழுக்கும் எந்திரம் இடித்ததாம்,
எலும்பில் இரண்டு விரிசல்.
டாக்டர் சீட்டை நீட்டியபோது
கூடவே மீன்வாடையும் வந்தது.

எப்போதும் சொல்வதையே சொன்னேன்:
இந்த மாத்திரைக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்.
ஒருவன் பாராசிட்டமால், ஊரறிந்தவன்.
மற்றவன் கோடீன், அபினி வீட்டுப் பிள்ளை,
ஈரலுக்குள் போனதும் கொஞ்சம் மார்ஃபினாக வேடம் மாறுபவன்.
வேளைக்கு இரண்டு. ஆறு மணி நேரம் இடைவெளி.
ஒரு பகல் ஓர் இரவுக்குள் எட்டைத் தாண்டாதே.
தலை கிறங்கும், சுக்கான் பிடிக்காதே.
மலம் இறுகும், தண்ணீர் குடி.
வலி விட்டதும் நீயும் விட்டுவிடு,
நாள் கூடினால் அது உன்னை விடாது.
பாராசிட்டமால் உள்ள வேறெதையும் தொடாதே.

தலையாட்டினான்.
கடலுக்குப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.
கேட்டது ஒன்றே ஒன்று:
“விஸ்கி?”
“கூடாது.”
மீன் விலை விழுந்த நாளின் முகம்.

அன்றே ஆறு மணிக்கு, நான் கடை சாத்தும்போது,
அவன் மனைவி இஷ்பெல், தொப்பியெல்லாம் பனி.
வீட்டில் சளி என்றாள்.
வெந்நீரில் கரைக்கும் எலுமிச்சைப் பொடி,
பத்துப் பொட்டலம், ஒரு டப்பா.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
இதை இங்கே எழுதி வைக்கிறேன்: கேட்கவில்லை.
சாவி கையில் இருந்தது.
ஒரே வீட்டுக்கு இரண்டு பைகள்
ஒரே மாலையில் என் கல்லாவைக் கடந்து போயின.

வியாழக்கிழமை மறுபடி வந்தாள்.
“இன்னொரு டப்பா. டௌகலுக்குச் சளி விடமாட்டேன் என்கிறது.”

“டௌகலுக்கா? ஒரு நாளைக்கு எத்தனை?”

“நாலு. தேன் விட்டுக் கொடுக்கிறேன்.”

தேன்.

“மாத்திரை?”

“எட்டேதான். காலண்டரில் கோடு போட்டுப் போட்டு விழுங்குகிறான்.
விஸ்கிப் புட்டியைக்கூட அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான்.”

டப்பாவைத் திருப்பிக் காட்டினேன்.
முன்பக்கம் எலுமிச்சை, கையகலம்.
பின்பக்கம் எறும்பு ஊர்ந்த தடம் போல:
பாராசிட்டமால், பொட்டலத்துக்கு ஆயிரம் மில்லிகிராம்.
எட்டு மாத்திரையில் நாலு கிராம்.
நாலு கோப்பையில் இன்னொரு நாலு.
விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
“ஆனால் இது… குடிக்கிறதுதானே?”

நன்றாகத்தான் இருக்கிறான் என்றாள்.
லேசான குமட்டல், அவ்வளவுதான்.
என் வயிற்றைப் பிசைந்தது அந்த ‘நன்றாகத்தான்’.
விலா உடைந்தால் மூச்சுக்கு மூச்சு சொல்லும்.
ஈரல் அப்படியல்ல.
முதல் நாள் முனகாது.
இரண்டாம் நாளும் பெரும்பாலும் வாய் திறக்காது.
அது பேசும்வரை காத்திருந்தவர்களை
எனக்குத் தெரியும்.

நானே போன் போட்டேன்.
“நாளைக்குப் போகலாமே,” என்றான், வாயில் ரொட்டியோடு.
இப்போதே என்றேன். கத்தினேன் என்று
இஷ்பெல் பிற்பாடு சொன்னாள்.

அபர்தீன் வரை பனிச்சாலை.
இரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி
இரவும் மறுநாளும் சொட்டுச் சொட்டாக மாற்று மருந்து.
பிழைத்தான். அதைச் சொல்லாமல்
கவிதையை இழுப்பது அநியாயம்.

காலண்டரை நான் பின்னால் பார்த்தேன்,
அவர்கள் வீட்டு அடுக்களையில்.
நாளுக்கு எட்டுக் கோடு, வலைக்கண் போல ஒரே சீர்.
பிசகே இல்லாத கணக்கு.
எலுமிச்சைக்குத்தான் அதில் இடமில்லை.

இப்போது சாவி கையிலிருந்தாலும் கேட்கிறேன்:
யாருக்கு? வீட்டில் வேறென்ன விழுங்குகிறார்?
வேறென்ன குடிக்கிறார்?
சிலர் முறைக்கிறார்கள். ஒருத்தி,
“நீங்கள் என்ன போலீஸா?” என்றாள்.

ஜனவரியில் டௌகல் வந்தான்,
மிச்சம் பதினொரு மாத்திரையைக் கல்லாமேல் வைத்தான்.
“வீட்டில் இருந்தால் யாராவது தலைவலிக்குப் போட்டுவிடுவார்கள்.”
வாங்கி வைத்தேன்.

கதவுவரை போய்த் திரும்பினான்.
“சரி, விஸ்கி?”

டாக்டரைக் கேள் என்றேன்.
அதே முகம்.