இடமிருந்து மூன்றாவது ஆள்

கத்திரி வெயிலில் புத்தூர்த் தார்ச்சாலை
செருப்பைப் பிடித்து இழுக்கும்.
நூற்றிருபது ரூபாய் கொடுத்தால்
மூன்று மணி நேரம் குளிர்காற்று.
சண்டை இனாம்.

பகலெல்லாம் எலும்புக் கட்டு போடும் வேலை எனக்கு.
துணி கிழிப்பேன், பச்சிலை அரைப்பேன்,
முட்டை வெள்ளையை அடித்து நுரைக்க வைப்பேன்.
திருத்தணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார்கள்,
நகரியில் தறிக்குழியில் கால் இடறியவர்கள்,
கார்வேட்டி நகரத்தில் மாமரத்திலிருந்து விழுந்தவர்கள்.
தமிழில் அலறினாலும் ‘அம்மா’,
தெலுங்கில் அலறினாலும் ‘அம்மா’.
இந்த எல்லையில்
அந்த ஒன்றுக்குத்தான் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அதனால்தான் படத்துக்குப் போகிறேன்.
அங்கே நாயகன் ஒரு உதை விட்டால்
நாற்பது பேர் இலவம்பஞ்சாய்ப் பறக்கிறார்கள்.
ஜீப் மூன்று கரணம் அடித்து நிற்கிறது.
ஒருத்தன் வாயிலும் ‘அம்மா’ இல்லை.
என் கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன.
எதையும் தொட்டுப் பார்த்து
எங்கே விட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.
இந்தச் சுகத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

குறையா? ஏன் இல்லை.
கதையை பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம்,
கையெழுத்துப் போடவும் இடம் மிஞ்சும்.
கதாநாயகி பனிமலையில் ஒரு பாட்டு ஆடினாள்,
கடத்தப்பட்டாள்,
நாற்காலியில் கட்டுண்டு அரைமணி அழுதாள்.
அவளே அவிழ்த்திருக்கலாம்.
நான் முடிச்சு போடுகிறவள்,
அது ஒரு முடிச்சே இல்லை.

மூன்றாம் மாடியிலிருந்து குதித்தவன்
அடுத்த காட்சியில் சட்டை மாற்றி வருகிறான்.
எங்களிடம் வந்திருந்தால் ஆறு வாரம் பாயில்.

துரத்தல் வந்தால் மாம்பழ வண்டி கவிழ வேண்டும், கவிழ்ந்தது.
“கிலோ ஆறு ரூபா. கவுத்தா கவுத்துட்டுப் போறான்”
என்றார் முன்வரிசையில் தோப்புக்காரர் வெங்கடாத்திரி.
சிரித்தவர்களில் பாதிப்பேர்
மண்டி வாசலில் பழத்தைக் கொட்டிவிட்டு வந்தவர்கள்.

தை மாதம் ஒருத்தன் வந்திருந்தான்,
ஜோதிலிங்கம், சாலிகிராமத்திலிருந்து.
வலது காறை எலும்பு.
என்ன வேலை என்றேன்.
“விழறது.”
நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை, சிரித்தால் தோள் வலிக்கும்.
“கண்ணாடி பொய்க்கா. தரைதான் நெஜம்.”
ஏழு தடவை விழுந்தானாம்.
ஆறாவது நன்றாகத்தான் இருந்தது,
நாயகன் முடி கலைந்துவிட்டது.
ஏழாவதில் முடி சரி.
“படம் வந்தா பாருங்க. பச்சை பனியன்,
எடப்பக்கத்துல இருந்து மூணாவது ஆள்.”
ரசீது கேட்டு வாங்கி
நான்காய் மடித்து வைத்துக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு
அந்தக் கண்ணாடி மாளிகை வந்தது.
நாயகன் வந்து நின்றான்.
காற்று அவனுக்கு மட்டும் வீசியது.
கிழித்த காகிதம் கூரை வரை பறந்தது.
நானும் எழுந்து நின்றேன்.
பொய் சொல்லக் கூடாது, உடம்பு சிலிர்த்தது.
நாற்காலி, தரை, விலா எலும்பு, எல்லாம் ஒரே அதிர்வு.

ஒன்று.
இரண்டு.
பச்சை.

கண் இமைக்கிற நேரம்.
முதுகு மட்டும்தான், முகம் வரவில்லை.
வலது தோள் முதலில் தரை தொட்டது.
அத்தனை பேரிரைச்சலிலும்
சுள்ளி ஒடிகிற சத்தம் ஒன்று
எனக்கு மட்டும் கேட்டது.

விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன்.
நாயகன் கூலிங் கிளாஸ் மாட்டும்போது
அடிக்க வேண்டிய விசில்,
மூன்று நொடி முந்திவிட்டது.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.
“ஏன்க்கா, அடியாளுக்கா?” என்றாள்
கூட வந்த முனிலட்சுமி.

வெளியே வந்தால் நள்ளிரவிலும் அனல்.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன்.
இந்த முறை
நான்காவது ஆளைப் பார்த்தேன்.
இடது முழங்கால்.
எங்கே போய்க் கட்டிக்கொண்டானோ.