ஐவர் விட்டுப்போன ஐந்து

அவன் பெயர் ஐவர். ஆள் ஒருவன்தான்.
எஸ்தோனியாவில் அது வெறும் பெயர்;
தமிழில் படிப்பவர் சிரித்துக்கொள்ளலாம், தவறில்லை,
ஏனென்றால் பால்டிஸ்கி துறைமுகத்தின் கணினி அறையில்
அவன் நிறுவிவிட்டுப் போன பெட்டிகள் ஐந்து.
ஐந்தும் ஐந்து லினக்ஸ்.
ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது.

இரவு பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது:
கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன லைப்ரரியில் ஓட்டை.
காலை ஐந்தரைக்கு ஸ்வீடன் கப்பல்.
அதற்குள் அடைக்க வேண்டும்.
சிர்யே மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

முதலில் டெபியன், நுழைவுச்சீட்டு பார்க்கும் பெட்டி.
ஒரு கட்டளை. ஒரு ஆம்.
முடிந்த பிறகும் பதிப்பு எண் பழையதாகவே நின்றது.
திக்கென்றது.
பிறகுதான் எண்ணின் வாலைப் படித்தாள்:
அங்கே ஒரு சிறு ஒட்டு.
சட்டை அதேதான், உள்பக்கம் தைத்திருக்கிறார்கள்.
முகம் தெரியாத யாரோ,
புதுத்துணி கேட்காமல்,
பழையதன் நிறத்திலேயே நூல் தேடி.

ஆர்ச் அப்படி விடாது.
அந்த ஒன்றை மட்டும் என்றால்
பந்தியில் ஊறுகாய் மட்டும் கேட்டவளைப் போலப் பார்க்கும்.
உட்கார்ந்தால் முழு இலை.
பதினான்கு மாதமாக யாரும் உட்காரவில்லை;
எழுநூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்கள் காத்துக் கிடந்தன,
கையொப்பம் சரிபார்க்கும் சாவிக்கொத்தே காலாவதி.
சாவியைப் புதுப்பித்து
எல்லாவற்றையும் விழுங்கி எழுந்தபோது
எடைமேடையின் திரை இருண்டிருந்தது.
ஏதோ ஒரு அமைப்புக்கோப்பு,
பெயருக்குப் பின்னால் ‘புதிது’ என்று ஒட்டிக்கொண்டு
ஓரமாக நின்றிருக்கிறது, யாரும் கூப்பிடாமல்.
நாற்பது நிமிடம்.
அவள் சொன்ன கெட்ட வார்த்தை ரஷ்ய மொழியில் இருந்தது.

நிக்ஸில் மூன்றே நிமிடம்.
அங்கே எதுவும் எதன் மேலும் எழுதப்படுவதில்லை.
பழையதும் புதியதும் ஒரே கூரையின் கீழ்,
புரியாத நீள எழுத்துக்கோவையைப் பெயருக்கு முன்னால் சூடி,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் போல.
தலைமுறை எண்பத்தெட்டு எண்பத்தொன்பது ஆனது.
பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனாள்.
அறுபத்தொன்று: ஐவர் வேலையை விட்ட வெள்ளிக்கிழமை.
ஒரு விசை போதும், அந்த வெள்ளிக்கிழமை எழுந்து ஓடும்.
அழுத்தவில்லை.
துப்புரவுக் கட்டளையும் தரவில்லை.

ஸ்லாக்வேரில் மாட்டிக்கொண்டாள்.
எதற்கு எது வேண்டும் என்று அது சொல்லாது.
பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு நகர்ந்துவிடும்;
மிச்சம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்தவன் இப்போது தெற்கே, வோரு நகரில்
மர அறுவை ஆலையில் கணக்கு எழுதுகிறான்.
மூன்று மணிக்கு அழைத்தாள்.
தூக்கக் குரலில் ஒரே கேள்வி: எந்தப் பெட்டி?
சொன்னாள்.
கொஞ்சம் மௌனம்.
பிறகு மூன்று பெயர்கள், வரிசை பிசகாமல்.
“நடுவில் உள்ளதை முதலில் போட்டுவிடாதே.”
ஏன் ஐந்து விதம் என்று கேட்டேவிட்டாள்.
“ஒரே ஓட்டை எல்லாவற்றையும் கவிழ்க்கக் கூடாதென்று.”
“ஐந்திலும் அதே லைப்ரரிதான், ஐவர்.”
ம் என்றான்.
மறுமுனையில் ஒரு நாய் தண்ணீர் குடித்தது.

கடைசியாக ஜென்டூ.
அது மாவு வாங்காது, நெல்லிலிருந்து தொடங்கும்.
லைப்ரரி சிறியதுதான்,
அதை நம்பியிருந்தவை தொண்ணூற்று நான்கு;
ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்து குத்திப் புடைத்தெடுக்க வேண்டும்.
விசிறிகள் ஊளையிட்டன.
ஐந்து பத்துக்குக் கப்பலின் விளக்குகள் தெரிந்தபோது
அறுபத்தொன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.
வலைக்கம்பியைப் பிடுங்கி வைத்தாள்.
ஆவணப் பெட்டிதானே, மதியம்வரை ஊமையாக இருக்கட்டும்.

அறையின் ஹீட்டர் வழக்கம்போல் பாதி உயிரில்.
ஜென்டூவின் முதுகிலிருந்து மட்டும்
அடுப்படிபோல் வெப்பம் வந்தது.
அங்கே ஒரு கம்பி கொக்கியாக வளைத்து மாட்டப்பட்டிருக்கும்,
எதற்கென்று அவளுக்கு இதுவரை தெரியாது.
ஈரக் கையுறைகளைக் கழற்றித் தொங்கவிட்டாள்.
இரண்டு கையுறைக்கு அளவெடுத்த அகலம்.