அரை விரற்கடை

பதுமாசனி அம்மையார் ரயிலால் இறங்கினார்,
கையில் ஒரு குடை,
குடைக்குள் சுருட்டிய கடதாசி.
சென்னையிலிருந்து கொழும்பு,
பிறகு இரவு முழுக்கப் பெட்டியில் குலுக்கம்,
கல்லோயாச் சந்தியில் காரணமில்லாமல் ஒரு மணித்தியாலம்.
"நித்திரை வந்ததோ?" என்றேன்.
பதில் சொல்லுமுன்
அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் நில அளவைக் கந்தோர்.
சிலைக்கும் எனக்கும் ஒட்டில்லை.
நாடா பிடிக்க ஓர் ஆள் வேணும் என்று
கச்சேரியில் கேட்டிருக்கிறார்கள்,
அன்றைக்கு லீவு போடாதவன் நான்தான்.

ஓட்டோவில் போகப் போகச் சொன்னார்:
இருபத்தாறு வயது,
அருங்காட்சியகத்தில் சேர்ந்து மூன்றாம் மாதம்.
கல்லில் நிற்கும் ஓர் அம்மனுக்கு அட்டை எழுதவேணும்.
'தஞ்சை வட்டாரம், பதினோராம் நூற்றாண்டு.'
"மேலதிகாரி சொன்னார், எழுதினேன்.
மணி ஐந்து. பஸ் போய்விடும்.
அவ்வளவுதான் ஆராய்ச்சி."

பிறகு முப்பத்தொரு வருஷம்
அந்த அட்டையைத் தாண்டித்தான் மதியச் சாப்பாடு.
பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள்.
இரண்டு பேர் அதை வைத்துப் பட்டமே எடுத்தார்கள்.
ஓய்வுக்கு நாலு மாதம் இருக்க,
கரையான் மிச்சம்விட்ட வரவேட்டில்
பென்சிலால் ஒரு சொல்:
திருக்கோணமலை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
"அந்தக் கேள்விக்குறிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்."

கோட்டை வாசலில் மான்கள்
அவருடைய பிஸ்கட்டை மட்டும் விசாரித்தன.
மலைமேல் ஒருவர் இரண்டாயிரம் வருஷம் என்றார்,
கீழே ஒருவர் எல்லாம் கடலுக்குள் என்றார்.
மூன்றாம் நாள் திருக்கடலூரில்
எமில்டா வீட்டுப் பின்பக்கம், வலைகளுக்கு நடுவே,
சதுரக் குழி வெட்டிய ஒரு பீடம்.

குழியில் தண்ணீர். தண்ணீரில் ஒரு கோழியின் அலகு.

"ஆமி வந்து போச்சு, கடலும் வந்து போச்சு,
இது மட்டும் அசையேல்ல" என்றா எமில்டா.

அம்மையார் மணலில் சம்மணம் கொட்டி
கடதாசியை விரித்தார்.
நாலு பேர் அம்மனைச் சரித்துப் பிடிக்க
அடிமுளையைச் சுற்றி அவரே பென்சில் ஓட்டிய கோடு.
தண்ணீரை இறைத்தோம். கோழி ஏசியது.
அகலம் சரி.
அவர் மூச்சு விடவில்லை, நானும்தான்.
நீளத்தில்
குழி அரை விரற்கடை சின்னது.

நாடாவை நான் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம்.
காணி அளக்கிறவனுக்கு அது கைப்பழக்கம்.
மதில் வழக்குகளில் செய்திருக்கிறேன்,
ஒருத்தரும் கண்டதில்லை.
"கல் தேஞ்சிருக்கும் அம்மா" என்றேன்.
"தேய்ந்தால் குழி பெருக்கும், தம்பி.
சிறுக்காது."

கடலைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.
பார்க்கவில்லை.
வாளியைக் கேட்டு வாங்கி
குழியை விளிம்புவரை நிரப்பிவிட்டு
"பொருந்தவில்லை என்று எழுதுங்க,
கையெழுத்தும் போடுங்க" என்றார்.
எமில்டாவின் பிளேன்ரீக்குச் சீனி இரண்டுதரம் கேட்டார்.

ஆவணியில் ஒரு படம் வந்தது தபாலில்.
அதே அம்மன், புது அட்டை:
'இடம் தெரியவில்லை.
திருக்கடலூர்ப் பீடம் இதனுடையது அன்று.
அளந்தவர்' என்று போட்டு
என் பெயர்.

கந்தோரில் எல்லோருக்கும் காட்டினேன்.
சிரித்தார்கள்: இல்லாததை அளந்ததற்கு
இந்தியாவில் பெயர் பொறித்த ஒரே ஆள்.

என் மேசையின் கீழ் லாச்சியில்
சாம்பல்தீவு வேலி ஒன்றின் வரைபடம் கிடக்கிறது,
நான் கீறியது.
பத்து நாளாகத் திறப்பைத் தேடுகிறேன்.
என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.